பூமிநாதன் தேர்ந்தெடுத்த ஸ்டெப்னி

வியாழக்கிழமை, காலை 11.40.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில், சீமைக்கருவேலங்காட்டுக்குள் பிரியும் மண்பாதையில் ஒரு நீலக் கார் முன்பக்கம் சரிந்து கிடந்தது. அதன் அடியில் ஒரு மனிதர். ஆடு மேய்க்க வந்த அழகுத்தாய்தான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் சாலையில் போன பஸ்ஸே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் ரேணுகாதேவி வந்து சேர்ந்தபோது மணி 12.15. அதற்குள் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நாற்பது பேர் கையிலும் செல்போன். ஒருவன் பிணத்தின் முகம் சரியாக விழவில்லை என்று மண்டி போட்டுக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காலரைப் பிடித்துத் தூக்கி அப்பால் விட்டுவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடங்கினாள்.

இறந்தவர் பூமிநாதன். வயது அறுபத்தொன்று. அருப்புக்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மின்சாரக் கார் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. இடது முன்சக்கரம் காற்றிறங்கி, கழற்றப்பட்டுப் பக்கத்தில் கிடந்தது. ஜாக்கி சரிந்திருந்தது. வெள்ளி நிறப் பெயின்ட் அடித்த இரும்பு டிஸ்க்கோடு ஒரு ஸ்டெப்னி மரத்தில் சாய்ந்து நின்றது.

"பஞ்சர் மேடம். ஸ்டெப்னி மாட்டப் போயிருக்காரு, ஜாக்கி வழுக்கிருச்சு. ஆக்ஸிடென்ட்தான்" என்றார் எஸ்.ஐ. செல்வக்குமார். சாப்பாட்டு நேரம் நெருங்கிய அவசரம் அவர் குரலில் இருந்தது. இறந்தவரின் சட்டைப்பையில் கிடைத்த சின்ன நோட்டை நீட்டினார். கடைசிப் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்து:

*ஸ்டெப்னி. நாலு ஓட்டை. நடு ஓட்டை 60. வெள்ளி. மதார்.*

"பாருங்க. வெள்ளிக் கலரு ஸ்டெப்னி. மதாருன்னு யாருகிட்டயோ வாங்கியிருக்காரு. எல்லாம் பொருந்துது."

ரேணுகாதேவி பிணத்தைச் சுற்றி வந்தாள். மண்ணில் ரத்தம் குறைவாக இருந்தது. இறந்தவரின் செருப்பு அடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. குனிந்தாள். அழுகிய முட்டையும் ஆசிடும் கலந்த நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. கைக்குட்டையை எடுத்துப் பொத்திக்கொண்டாள்.

"இவரு செல்போன் எங்க?"

"தேடிப் பாத்துட்டோம் மேடம். இல்ல."

12.50. ஒரு பழைய சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தவன் சுந்தரபாண்டி, பூமிநாதனின் மனைவிக்குத் தம்பி. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான்.

"மச்சான் கடைசியா எங்க போனாருன்னு தெரியுமா?"

"தெரியல மேடம். இந்தப் பக்கம் என்ன வேலையா வந்தாகளோ..."

"இந்த ஸ்டெப்னி?"

"அவுகளதுதான். போன வாரமே வாங்கிட்டாக. டிக்கியத் திறந்து எனக்கே காட்டுனாக."

அவன் செல்போன் அடித்தது. அழுகை சட்டென்று நின்றது. நாலு எட்டு தள்ளிப் போய், "இன்னைக்கு லோடு வேணாம். நான் சொல்லுத வரைக்கும் வராத" என்றான். திரும்பி வந்து மறுபடி அழுதான். குழாயைத் திருகித் திறப்பதுபோல் கண்ணீரைத் திறக்கிறானே என்று ரேணுகாதேவிக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் அருவருப்பைக் கோர்ட்டில் சாட்சியாக நிறுத்த முடியாது.

மறுநாள் காலை 10.00. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் போனில் பேசினார். "பின்மண்டையில இரும்பால அடி. விலா எலும்பு நொறுங்குனது உயிர் போன பிறகு."

"அப்ப கார் அவரைக் கொல்லல."

"செத்தவர் மேலதான் காரை இறக்கியிருக்காங்க."

மாலை 4.00. அடக்கம் முடிந்திருந்தது. பூமிநாதன் வீட்டு வாசலில் சுந்தரபாண்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீயில் சீனி பத்தவில்லை என்று சமையல்காரரைக் கடிந்துகொண்டிருந்தான். ரேணுகாதேவி அவனைத் தாண்டி உள்ளே போனாள். அமுதவள்ளி சுவரோரம் ஒடுங்கியிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் கொஞ்ச நாளா எப்படி இருந்தாரு?"

"அவுக செவ்வாக்கிழமை எந்தம்பிக்குச் சொந்தமான காட்டுப் பக்கம் போயிட்டு வந்தாக. வந்ததுல இருந்து ஒரு மாதிரிதான். மூணு தடவ குளிச்சாக. சோத்தப் பிசைஞ்சு வச்சுட்டு எந்திரிச்சிட்டாக. என்னன்னு கேட்டேன். இன்னொரு தடவ போயி நல்லாப் பாத்துட்டுச் சொல்லுதேன்னாக."

"தம்பி காடு எங்க இருக்கு?"

"அவுக கிடந்தாகல்ல, அந்தப் பாதையிலயே உள்ள போனா வரும். மானாவாரிக் காடு. போரு போட்டும் தண்ணி வரல, தரிசாத்தான் கிடக்கு."

ரேணுகாதேவி அதைக் குறித்துக்கொண்டாள். "ஸ்டெப்னி வாங்குனதப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"மூணு வாரமா வீட்டுல அந்தப் பேச்சுதாம்மா. கம்பெனிக்காரன் வண்டியோட ஸ்டெப்னியே தரலயாம். ஜாக்கியும் இல்ல. ஓட்டைய அடைக்க ஒரு பசைத்தண்ணி டப்பாவும் காத்தடிக்கிற சின்ன மிஷினும்தான் குடுத்திருக்கான். முள்ளு குத்துனா சரி, டயரு சைடுல கிழிஞ்சா பசைய வச்சு என்ன செய்யன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக. வாங்குனாகளா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

மாலை 5.30. ஸ்டேஷன் வளாகம். நீலக் காரைத் தூக்கி நிறுத்தி, வெள்ளி நிற ஸ்டெப்னியை மாட்டச் சொன்னாள். ஏட்டு சோலை வியர்க்க வியர்க்க முயன்றார்.

"நாலு போல்ட்டும் நேராத்தான் இருக்கு மேடம். ஆனா உள்ள போயி உக்கார மாட்டேங்குது. நடு ஓட்டை சின்னது."

பூமிநாதனின் பட்டறையிலிருந்து எடுத்துவந்த வெர்னியர் அளவுகோலால் அளந்தார்கள். நடு ஓட்டை 54 மில்லிமீட்டர். நோட்டில் இருந்தது 60. ஒரு மயிரிழை பிசகினாலும் ஆணியைத் திரும்பக் கடைந்து கொடுக்கிற லேத்துக்காரர், ஆறு மில்லிமீட்டரைக் கோட்டைவிடுவாரா?

சனிக்கிழமை, காலை 10.15. வீரசோழன் கிராமம். நோட்டில் இருந்த பெயரை விசாரித்துப் பிடித்த இடம், மதார் சாகிபுவின் டயர்க்கடை.

பெரியவர் செய்தி கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இன்னா லில்லாஹி... நேத்து பூரா அவரத்தாம்மா எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நேத்தா?"

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு கடை திறந்ததும் வாரேன்னாரு. எழுதியே வச்சுக்கிட்டாரே."

ரேணுகாதேவி நோட்டை எடுத்துப் பார்த்தாள். *வெள்ளி. மதார்.* கலர் இல்லை, கிழமை. செல்வக்குமார் சொன்ன விநாடியிலிருந்து தானும் அதைக் கலர் என்றே படித்துவந்ததை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"அவரு எடுத்தது எது?"

மதார் சாகிபு உள்ளே கூட்டிப்போனார். சுவரில் ஒரு கறுப்பு இரும்பு டிஸ்க், புத்தம்புது டயரோடு. மேலே சாக்கட்டியில் 'பூமிநாதன்' என்று எழுதியிருந்தது.

"மூணு தடவ வந்தாரும்மா. முதல்ல ஒல்லி டயரு காட்டுனேன். எடை கம்மி, டிக்கில எடம் மிச்சம். ஆனா எம்பதுக்கு மேல போகக்கூடாது, நம்ம மண்ணு ரோட்டுக்கும் முள்ளுக்கும் தாங்காதுன்னு வேணாம்னுட்டாரு. ரெண்டாவது அலாய் டிஸ்க்கு. பள்ளத்துல விழுந்தா வெடிச்சிரும்னாரு. கடைசியில, வண்டியில ஓடுற நாலு டயரோட அதே உயரத்துல இரும்பு டிஸ்க்கு கேட்டாரு. இது மதுரையில இருந்து வர வச்சது. டிஸ்க்கு அளவத் தாளுல பாத்துச் சரின்னாரு. எடுத்துட்டுத்தான் போகணும். அதுக்குள்ள..."

"அப்ப வியாழக்கிழமை அவரு வண்டியில ஸ்டெப்னியே இல்ல."

"எப்படிம்மா இருக்கும்? அது இங்கல்ல இருக்கு."

பகல் 12.00. பிணம் கிடந்த பாதையிலேயே இரண்டு பர்லாங் உள்ளே நடந்தார்கள். சுந்தரபாண்டியின் தரிசுக் காடு. தூரத்திலேயே நாற்றம் அடித்தது. நட்டநடுவில் வறண்டுபோன போர்க்குழாய், வாயில் சாக்கு அடைத்திருந்தது. சுற்றிலும் மண் கத்தரிப்பூ நிறத்தில் பொருக்குத் தட்டி வெடித்திருந்தது. லாரி டயர்த் தடம். ஓணான்கள் வயிறு மேலாகக் கிடந்தன. ஒரு வெள்ளாடு செத்து ஊதிப்போயிருந்தது. ஈ மொய்த்த அதன் வாயிலும் அதே நிறம்.

சாயப்பட்டறைக் கழிவு. டேங்கர் டேங்கராகப் பூமிக்குள் இறக்கியிருக்கிறார்கள். அடுத்து ஒரு கிலோமீட்டரில் ஊர். ரேணுகாதேவி அங்கே போய் அடிபம்பை அடித்துப் பார்த்தாள். தண்ணீர் மஞ்சளாக வந்தது. வரிசையில் குடம் வைத்திருந்த பெண்ணின் முழங்கை வரை கொப்புளம்.

"எத்தன நாளா இப்படி?"

"ஆறு மாசம் இருக்கும்மா. வேற தண்ணிக்கு எங்க போக?"

பிற்பகல் 2.10. பூமிநாதன் வீடு. சுந்தரபாண்டி அப்போதுதான் சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"உங்க கார் டிக்கியத் திறங்க."

"எதுக்கு மேடம்?"

"திறங்க."

திறந்தான். ஸ்டெப்னி இருக்கவேண்டிய குழி காலி. ஜாக்கியும் இல்லை. சோலை ஜீப்பிலிருந்து அந்த வெள்ளி நிறச் சக்கரத்தை உருட்டி வந்தார். சாம்பல் நிறக் காரின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். ஒரு தட்டுகூடத் தேவைப்படவில்லை. அச்சில் போய் உட்கார்ந்தது.

"இது உங்களது. உங்க மச்சான் வண்டிக்கு இது ஏறாது."

"இந்த மாதிரி டிஸ்க்கு ஊருக்குள்ள ஆயிரம் இருக்கும் மேடம்!"

"இருக்கும். ஆனா அவரு ஸ்டெப்னி வாங்கி டிக்கில வச்சுக் காட்டுனாருன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அவரு எடுத்த ஸ்டெப்னி இன்னும் வீரசோழன்ல கடைச் சுவத்துல சாஞ்சிருக்கு. இல்லாத பொருளப் பாத்தேன்னு ஏன் சொன்னீங்க?"

அவன் டிக்கியை மூடப் போனான். ரேணுகாதேவி கையை வைத்துத் தடுத்தாள்.

"போருக்குள்ள கழிவ விடுறத அவரு செவ்வாக்கிழமையே பாத்துட்டாரு. வியாழக்கிழமை மறுபடி போட்டோ எடுக்க வந்தாரு. நீங்க அடிச்சீங்க. பஞ்சர் மாதிரி காட்டலாம்னு டயர்ல காத்த இறக்கிட்டு, ஸ்டெப்னி எடுக்க அவரு டிக்கியத் திறந்தீங்க. உள்ள ஸ்டெப்னியும் இல்ல, ஜாக்கியும் இல்ல. புதுக் காரையே ஸ்டெப்னி இல்லாம விப்பானுகன்னு உங்களுக்குத் தெரியாது. வேற வழியில்லாம உங்க வண்டியில இருந்து எடுத்தீங்க. நாலு ஓட்டையும் ஒண்ணுபோல இருந்தது, போதும்னு நினைச்சீங்க. மாட்டிப் பாக்கல. போன் எங்க? அதே போருக்குள்ளயா?"

அவன் வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு பேசினான். குரலில் வருத்தம் இல்லை, சலிப்புதான் இருந்தது.

"கலெக்டர் ஆபீசுக்குப் போவேன்னு நின்னாரு மேடம். சொந்த மச்சினன்னு பாக்கல. எதுக்கும் ஆகாத தரிசு. அதுல ரெண்டு லோடு ஊத்துனா யாருக்கு என்ன நட்டம்?"

அந்தக் கொப்புளம் படர்ந்த கை ரேணுகாதேவியின் கண்ணில் வந்து நின்றது. அவனைத் தொட்டு இழுக்கக்கூட அவளுக்குக் கூசியது. "அடுத்த ஊரு அடிபம்புல மஞ்சத் தண்ணி வருது. அதத்தான் சனம் குடிக்குது. விலங்க மாட்டுங்க சோலை" என்றாள்.

அமுதவள்ளி எப்போது வந்து நிலைப்படியில் நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே போய் ஒரு சேலையோடு திரும்பி வந்தாள். மடிப்புக் கலையாத புதுச்சேலை.

"அக்கா, நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளு..."

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. சேலையை ரேணுகாதேவியிடம் நீட்டினாள்.

"தாலியறுத்தவளுக்குப் பொறந்த வீட்டுல போத்துற கோடிம்மா. நேத்து இவன்தான் அழுதுக்கிட்டே எம்மேல போத்துனான். கொன்ன கையாலயே. வீட்டுக்குள்ள வைக்க ஓங்கரிக்குது. இதையும் கேசுல சேத்துக்கிடுங்க."

ரேணுகாதேவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஜீப் கிளம்பும்போது அமுதவள்ளி வாசல்வரை ஓடிவந்தாள்.

"அந்த ஊரு அடிபம்ப இன்னைக்கே பூட்டச் சொல்லுங்கம்மா. விளையாடிட்டு வார பிள்ளைக அதுலதான் தண்ணி குடிக்கும்."