பக்கத்து நிரைக் கொழுந்து

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கீர்த்திவாசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் மடியில் ஓர் ஆங்கில விண்ணப்பம்... ஊட்டிப் பள்ளி விடுதியில் ஆயா வேலை. 'லுக் ஆஃப்டர்' என்றிருந்த இடத்தில், அகராதியில் தனித்தனியாகத் தேடி, 'பிறகு பார்' என்று பென்சிலால் எழுதியிருந்தாள்.

கீர்த்திவாசன் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாதுதான்.

"எங்க எஸ்டேட் மூடி எட்டு மாசமாச்சுங்க. தேயிலைக்கு விலையே இல்ல. உங்களுக்குச் சிரிப்பு வருதுங்களா?"

கோபத்திலும் அந்தக் கண்களில் எவ்வளவு ஈரம்!

"தப்புதானுங்க. ஒருத்தரைப் பொறுப்பா கவனிச்சுக்கறதுன்னு அர்த்தமுங்க."

அவள் யோசித்தாள். "பக்கத்து ஆளு காய்ச்சல்ல படுத்தா, அவ நிரைக் கொழுந்தையும் நாங்களே பறிச்சு அவ பேர்லயே எடை போடுவோம். முத்த விடமாட்டோம்... அந்த மாதிரிங்களா?"

"அதேதானுங்க." எந்த அகராதி இப்படிச் சொல்லும் என்று வியந்தான்.

அடுத்த கேள்வியில் பேனா நின்றது. விடுதியிலேயே தங்கினால் வீட்டில் இருப்பவரை யார் கவனிப்பார்கள்? ஜெகதளாவில் அம்மா இசக்கியம்மா மட்டும்தான். மூட்டுவலியில் நடக்க முடியாதவள்.

"ஜெகதளாவா? அடுத்த வாரம் அங்கதான் தபால்காரனா சேரப்போறேனுங்க. நான் பாத்துக்கறேன்..."

"யார் இரக்கமும் வேண்டாமுங்க!" வெடுக்கென்று எழுந்து பஸ் ஏறிவிட்டாள்.

அந்தப் பெண் சசிரேகாவுக்கு வேலை கிடைத்தது. வாரம் ஒரு கடிதம் எழுதினாள். எழுத்தறியாத இசக்கியம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டியவன் கீர்த்திவாசன்தான். தண்ணீர் பிடித்து வைத்தான், மாத்திரை வாங்கித் தந்தான். இசக்கியம்மா சொல்லச் சொல்லப் பதிலும் எழுதினான்; அவனைப் புகழ்ந்து சொன்ன வரிகளை மட்டும் எழுதாமல் விட்டான். அவனுக்கும் ரோஷம் உண்டே!

பொங்கல் லீவில் அவள் வந்தபோது அவன் கோவைக்குப் போயிருந்தான். திரும்பியதும் அவள் கடிதம் காத்திருந்தது. வழக்கம்போல உரக்க வாசித்தான்.

"அம்மா, பொங்கலுக்கு நீ சொன்னதுமே உன் தபால்காரர் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கு வெடுக்குனு பேசிட்டேன். ஆறு மாசமா என் நிரையை அவர்தான் பாத்திருக்கார்... தன் பேரைக்கூடச் சொல்லிக்கல."

அடுத்த வரியைக் கண்டதும் கடிதத்தைத் தாழ்த்தினான்.

"ஏன் தம்பி நிறுத்திட்டீங்க?"

அவன் தொடர்ந்து வாசித்தான். "இதை உனக்கு வாசிச்சுக் காட்டறாரே... அவரை ஆயுசு முழுக்க நான் பாத்துக்கணும்னு ஆசையா இருக்கு. சம்மதமான்னு நீயே கேளும்மா."

இசக்கியம்மா அவன் முகத்தையே பார்த்தாள்.

"கேட்டுட்டேன் தம்பி."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தான். "இந்தப் பதில்ல ஒரு வரியும் விடாம எழுதறேனுங்கம்மா..."