இரண்டாவது டேக்

மனைவி ஜெபசுதா இறந்த பிறகு டிக்சன் தன் ஸ்டுடியோவை அன்றுதான் திறந்தான். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் மாடியில் ஒற்றை அறை. நடுப்பகல். சுவரில் ஒட்டிய ஃபோம் ஈரத்தில் புளித்து நாறியது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி அடங்கியது.

சர்ச்சில் நடக்கும் அவள் நினைவு ஆராதனைக்கு ஒரு பாட்டு செய்ய வேண்டும். நோயில் படுக்கும் முன் அவள் வாசித்த வயலின் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரே ஒரு டேக், ஒரு முறை வாசித்துப் பதிந்தது. அதைச் சுற்றிச் சாஃப்ட்வேர் வயலின்களை அடுக்கினான். பெரிய குழுவே வாசிப்பதுபோல் நிறைந்தது. ஆனால் அவள் அதில் காணாமல் போனாள். அவள் வாசிப்பையே நகலெடுத்து மேலே வைத்தான். சத்தம் கூடியதே தவிர, ஆள் கூடவில்லை.

"இன்னொரு டேக் இருந்திருந்தா..." என்று முனகிவிட்டு டீ குடிக்க இறங்கினான்.

திரும்பி வந்தபோது இருந்தது.

அதே மெட்டு. வில் விழும் விதம் மட்டும் வேறு. தொடங்கும் முன் அவள் மூச்சை இழுக்கும் ஒலி.

அவனுக்கு ஹெட்ஃபோனைக் கழற்ற மனம் வரவில்லை.

மறுநாள் மூன்றாவது. பிறகு நான்காவது. அடுக்க அடுக்க அறை முழுக்க அவளே வாசித்தாள்.

தாங்க முடியாமல் அவள் தங்கை விஜிலாவை வரவழைத்தான். கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள்.

"அத்தான்... மூச்சைக் கேட்டியளா?"

"என்ன மூச்சு?"

"அக்காவுக்கு ஆஸ்பத்திரில கடைசியா இழுத்துச்சே, அது."

முதலிலிருந்து போட்டுக் கேட்டான். இரண்டாவதில் லேசான இரைப்பு. நான்காவதில் தொண்டை அடைத்து, சுரத்துக்குச் சுரம் காற்றைத் தேடி... அப்படியும் வில் நிற்கவில்லை.

அவன் கேட்டதற்காக வாசிக்கிறாள்.

"போதும், ஏளா சுதா." திரையைப் பார்த்துச் சொன்னான். "இனி வாசிக்காண்டாம். படுத்துக்கோ."

எல்லா டேக்கையும் அழித்தான். அவளை மறுபடி எழுப்பிவிடுமோ என்று பயந்து, உயிரோடு வாசித்த அந்த முதல் டேக்கையும்.

ஆராதனையில் சாஃப்ட்வேர் வயலின்கள் மட்டும் ஒலித்தன. டிக்சன் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். பாதிப் பாட்டில் வலது தோள் கனத்தது.

அவன் அசையவில்லை.

பாட்டு முடிந்து எல்லோரும் போனார்கள். ஃபேன்களை நிறுத்தினார்கள். கூப்பிட வந்த விஜிலா பாதியில் நின்றாள்.

அவன் வலது தோளில் சட்டைத் துணி மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.

"அத்தான்..."

டிக்சன் உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவா பேசு, விஜிலா. அவ இப்பத்தான் உறங்குதா."