நுழைவாயிலில் பத்தடி முகம்

இதனால் சகலருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது யாதெனில், குடியிருப்போர் நலச் சங்கம் ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்டது. முழுதாக.

இதற்காக ஒன்பது பேர் கொண்ட மறுவாழ்வுத் துணைக்குழு ஒன்று அமைந்தது. குழு மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில், எந்த பிஸ்கட் வாங்குவது என்று பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில், மேடையில் யார் நடுவில் உட்காருவது என்று பேசினார்கள். மூன்றாவது கூட்டத்தில், பேனர் அடிப்பது என்று ஒருமனதாக முடிவானது. காப்பாற்றப்பட வேண்டியவரை மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டது.

அப்படிக் காப்பாற்றப்பட்டவர், நண்டுவின் தாய்மாமா.

நண்டு ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள் என்பதால் மாமா வைத்த பெயர் அது. பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

மாமா தான் வேலை பார்த்த கிடங்கில் திருடினார். பிடிபட்டார். இரண்டு வருடம் சிறையில் இருந்தார். "நான் செய்யலை" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சிறையில் தையல் கற்றுக்கொண்டார். கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வாங்கினால், யாராவது சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பார்.

"உக்காருங்க மாமா. இங்க விசில் எல்லாம் ஊத மாட்டாங்க," என்பாள் நண்டு.

மாமா சிரித்துக்கொண்டே உட்காருவார். அடுத்த வேளை மறுபடி நிற்பார்.

வெளியே வந்த மறுநாளே அவர் வேலை தேடிக் கிளம்பினார். ஒன்பது தையல் கடைகள் கையை விரித்தன. பத்தாவது கடை குடியிருப்பு வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கேயும் மாமா எதையும் மறைக்கவில்லை. கடைக்காரர் ஒரு பேண்ட்டைத் தூக்கிப் போட்டு, "கீழே மடிச்சுத் தைங்க, பார்ப்போம்," என்றார். தைத்ததைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாளைக்கு வந்துடுங்க தம்பி."

அவ்வளவுதான். இதற்குக் குழுவும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதன்பிறகுதான் சங்கம் அவரைக் காப்பாற்ற வந்தது. மாமாவை மேடையேற்றி ஒரு பூங்கொத்தும் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். அந்தப் பேச்சில் மாமாவை "என் உடன்பிறவாச் சகோதரர்" என்று பதினொரு முறை சொன்னார். நண்டு விரல்விட்டு எண்ணினாள். விரல் போதவில்லை.

மறுநாள் குடியிருப்பின் வாசலில் பேனர் தொங்கியது. உச்சியில் கொட்டை எழுத்தில், "சிறையிலிருந்து திருந்தி வந்தவரை வரவேற்கிறோம்!" அதன்கீழே கையைக் கூப்பியபடி தலைவரின் முகம். பத்தடி உயரம். அடியோரத்தில், நடந்து போகிறவர்களின் கண்ணுக்கு நேராக, தட்டு அளவில் மாமாவின் படம்.

செவ்வாய்க்கிழமை நண்டு பள்ளியிலிருந்து வந்தபோது மாமா வீட்டில் இருந்தார்.

"கடைக்கு லீவா மாமா?"

"எனக்கு மட்டும் லீவு." மாமா கை விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பேனரைப் பார்த்துட்டுக் கடைக்குள்ள வர்றாங்க. அங்க என்னைப் பார்க்கறாங்க. கொண்டுவந்த துணியை எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. முதலாளி பாவம், என்ன பண்ணுவார்? சனிக்கிழமை வரைக்கும் என் இடத்தைக் காலியா வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள பேனர் போகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவார்."

"தலைவர்கிட்ட எடுக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நன்றி மறக்கக் கூடாதுன்னார்."

நண்டு நேரே சங்க அலுவலகத்துக்குப் போனாள். தலைவர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த பேனரை எடுத்துடுங்க. எங்க மாமாவுக்கு வேலை போயிடும்."

"பாப்பா, உங்க மாமா இப்போ தனி மனுஷர் இல்லை. அவர் ஒரு எடுத்துக்காட்டு!"

"எடுத்துக்காட்டா இருந்தா சாப்பாடு போடுவாங்களா சார்?"

தலைவருக்குத் தேநீர் புரையேறியது. "சின்னப் புள்ளைங்க பெரிய விஷயத்துல தலையிடக் கூடாது. அடுத்த மாசம் வரைக்கும் அது அங்கதான் இருக்கும். போ, போய்ப் பாடம் படி."

புதனும் வியாழனும் போயின. மாமா வீட்டிலிருந்த கிழிசலை எல்லாம் தைத்தார். கிழியாததையும் பிரித்துத் தைத்தார். அம்மா திரைச்சீலையை ஒளித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு நண்டு பேருந்தில் வந்தாள். குடியிருப்புக்கு எதிரே நிறுத்தம். ஜன்னல் வழியே பேனர் தெரிந்தது. வாசலில் வரிசையாக நின்ற வண்டிகள் அதன் அடிப்பகுதியை மறைத்திருந்தன. மாமா தெரியவே இல்லை. மேலே இருந்த எழுத்தும், பத்தடி முகமும்தான் தெரிந்தன.

முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"ஜெயில்லேர்ந்து வந்தவராம். பாரேன், எவ்வளவு பெருசா போட்டிருக்காங்க!"

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே. ஊர் பணத்தைச் சுருட்டின ஆளாத்தான் இருக்கணும்."

நண்டு பேனரை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு இறங்கி ஓடினாள்.

தலைவர் வாசலில் நின்று, காவலாளியிடம் பேனரில் தன் கன்னத்துப் பக்கம் இருந்த தூசியைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், எதிர்ப்பக்கத்துலேர்ந்து பார்த்தா நீங்க மட்டும்தான் தெரியறீங்க. வந்து பாருங்களேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தலைவர் தலையைச் சீவிக்கொண்டு சாலையைக் கடந்தார்.

நிறுத்தத்தில் நின்றிருந்த பெரியவர் பேனரைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார்.

"நீங்கதானே அது?"

"நானேதான்," என்று தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எத்தனை வருஷம்?"

"பதினாறு வருஷம். தொடர்ச்சியா!"

"பதினாறா! அப்போ பெரிய கேஸ்தான்." பெரியவர் இரண்டடி தள்ளி நின்றார்.

பக்கத்தில் நின்ற அம்மாள் காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "போனது போகட்டும் விடுங்க. வயசாச்சு. இனிமேலாவது ஒழுங்கா இருங்க," என்றாள்.

தலைவரின் முகம் பத்தடியிலிருந்து சாண் அளவுக்குச் சுருங்கியது.

"ஐயோ, நான் இல்லைங்க! கீழே ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவன்தான் திருடன்! நான் தலைவர்!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க," என்றார் பெரியவர்.

சிரிப்பு வரும் என்றுதான் நண்டு எதிர்பார்த்தாள். வரவில்லை. பதினொரு முறை உடன்பிறவாச் சகோதரராக இருந்தவர் அரை நிமிடத்தில் 'அவன்' ஆகிவிட்டார்.

கால் மணி நேரத்தில் பேனர் கீழே வந்தது. ஏணியைத் தலைவரே பிடித்தார். சங்கத்தின் வரலாற்றில் அவர் கையால் செய்த முதல் வேலை அதுதான்.

"பேனரைக் காணோமே. காத்துல விழுந்துடுச்சா?" என்று சாயங்காலம் மாமா கேட்டார்.

"தலைவரே எடுத்துட்டார்."

"ஏனாம்?"

'அவன்தான் திருடன்' என்ற வார்த்தை நண்டுவின் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள்.

"அவர் படம் அவருக்கே பிடிக்கலையாம் மாமா."

சனிக்கிழமை காலையில் மாமா கடைக்குப் போனார். பள்ளி இல்லாததால் நண்டுவும் கூடவே போய், ஓரத்து முக்காலியில் உட்கார்ந்தாள். கடைக்காரர் மாமாவின் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

முதலில் ஒரு பெண், மகனின் பள்ளிச் சீருடைத் துணியோடு வந்தாள். மாமாவைப் பார்த்தாள்.

"இவர்… அந்த பேனர்ல…"

"ஆமாம்மா, அவர்தான். நல்லா தைப்பார்," என்றார் கடைக்காரர்.

"அப்புறம் வர்றேன்," என்று துணியை அள்ளிக்கொண்டு போனாள். வரவில்லை.

மாமா எழுந்து நின்றார். போகச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. கடைக்காரர் கத்தரியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "ஏன் நிக்கறீங்க தம்பி? உக்காருங்க," என்றார்.

பதினொரு மணி வரை யாரும் வரவில்லை. மாமா நூற்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினார். கலைத்து, மறுபடி அடுக்கினார். நண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருவர் அவசரமாக உள்ளே வந்தார். மாமாவின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கையிலிருந்த சட்டையை நீட்டினார். அதில் ஒரு பொத்தான் இல்லை.

மாமா ஒரு பொத்தானை எடுத்துத் தைத்தார்.