மூங்கில் குழாயில் பதினொரு நோட்டுகள்

நோட்டுகளிலிருந்து ஈர ஓலை வாசம் வந்தது. எண்பது வருஷம் மூங்கில் குழாய்க்குள் கிடந்த காகிதத்தில் பூஞ்சை நாறலாம், கரையான் மண் நாறலாம். இதுவோ சற்றுமுன் மழையில் நனைந்த ஓலைப்பையின் வாசம். வெஞ்செஸ்லாவோ விரல்களை முகர்ந்து பார்த்தார். அதிலும் அதேதான். இந்த வீட்டில் ஓலைப்பையே கிடையாது. தங்கை பெரிங் சந்தைக்குப் பிளாஸ்டிக் கூடைதான் கொண்டுபோவாள்.

பிற்பகல் மூன்று மணிக்கே இலோயிலோ நகரம் இருட்டிக்கிடந்தது. கரண்ட் இல்லை. தகரக் கூரையில் மழை ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில், ஜன்னலிலிருந்து வந்த கொஞ்சநஞ்ச வெளிச்சத்தில், பதினொரு நோட்டுகளையும் அவர் பரப்பி வைத்திருந்தார். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலத்தில், மலையிலிருந்து சண்டை போட்ட கெரில்லாக்கள் மளிகைப் பொட்டலத் தாளில் அச்சடித்து, கையாலேயே எண் எழுதி, கையெழுத்துப் போட்டு விட்ட பணம். இடித்த வீட்டின் தூணுக்குள் இந்தக் குழாய் கிடைத்தது என்று ஒரு கொத்தனார் நாலாயிரம் பெசோவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

சேகரிக்கிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கையில் வந்ததும் தன் பெயரைக் குத்தியாக வேண்டும். வெஞ்செஸ்லாவோவும் ஒவ்வொரு நோட்டையும் பிளாஸ்டிக் உறையில் செருகி, உறைமேல் 'உடைமை' என்ற சொல்லோடு தன் பெயர் முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தார்.

பெரிங் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“குத்து, குத்து. அப்பா காலத்துல இதுல ஒண்ணு மடியில இருந்தாலே தலை போயிடும். என்னோடதுன்னு எவனாவது வாயைத் தொறந்திருப்பானா?”

“ஜப்பான்காரன் போய் எண்பது வருஷமாச்சு. நீ போய்க் குழம்பைப் பாரு.”

“பாக்குறேன். உப்பு பத்தலன்னு சொல்லு, இந்த நோட்டையும் சேர்த்துக் கொதிக்க வைக்கிறேன்.”

அவள் உள்ளே போனாள். பூசணி நறுக்கும் கத்திச் சத்தம் தொடங்கியது.

அப்பா சொல்லியிருக்கிறார். கெரில்லாக்களுக்கு உதவியவர் யாரென்று கண்டுபிடிக்க, ஜப்பான் சிப்பாய்கள் ஊர்சனத்தைச் சர்ச் வாசலில் வரிசையாக மண்டிபோட வைப்பார்களாம். தலையில் ஓலைப்பையைக் கவிழ்த்த ஒருவன் வருவான். பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள். யாருக்கு நேராகத் தலையசைக்கிறானோ அவர் திரும்பி வரமாட்டார். பைக்குள் இருப்பது பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கும், மச்சானாக இருக்கும். அவனும் முதலில் பிடிபட்டவன்தான். தான் பிழைக்க இன்னொருவரைக் காட்டிக்கொடுத்தவன்.

பதினோராவது உறையில் முத்திரையைக் குத்தியபோது கூடத்து மூலையில் ஓலை உரசியது.

வெஞ்செஸ்லாவோ தலையைத் தூக்கவில்லை. பல்லியாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தார். தரையில் தண்ணீர் சொட்டியது. சொட்டு சொட்டாக, அடுத்த சொட்டு இன்னும் கிட்டத்தில். வாசம் தொண்டைக்குள் இறங்கியது.

அப்புறம்தான் பார்த்தார்.

வெறுங்கால்கள். நனைந்து ஒட்டிய அரைக்கால்சட்டை. தோள்வரை ஓலைப்பை. இரண்டு ஓட்டைகள். ஓட்டைகளுக்குள் கண் இல்லை, இருட்டுதான்.

அது மேசையை நோக்கி விரலை நீட்டியது. பிறகு அவரை நோக்கி.

வெளியே மழைக்குள் பூட்ஸ் சத்தம். நிறையப் பேர். வேலிக்கதவு திறந்தது.

பை மெல்லக் கீழே சாய ஆரம்பித்தது. தலையசைப்பு. பாதி வந்துவிட்டது.

“என்னோடது இல்ல,” என்றார் வெஞ்செஸ்லாவோ.

பை நின்றது. விரல் மட்டும் இறங்கவில்லை. பதினொரு உறையிலும் அவர் பெயர். மை இன்னும் காயவில்லை.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் 'அப்போ யாரோடது?' என்று கேட்கிறார்கள் என அவருக்குத் தெரிந்தது. பூட்ஸ் வாசற்படி ஏறியது. சாக விருப்பமில்லை. அவ்வளவுதான், வேறெதுவும் மனதில் இல்லை.

சமையலறையில் கத்திச் சத்தம்.

அவர் அந்தப் பக்கம் பார்த்தார்.

தலை மட்டும் அசைந்தது. ஒரே ஒரு தடவை.

பூட்ஸ் அவரைத் தாண்டிப் போனது. கத்திச் சத்தம் நின்றது. சட்டி உருண்டது.

“அண்ணே, யாரு இவங்க?”

மூலையில் இப்போது யாரும் இல்லை. வாசம் மட்டும் போகவில்லை. மூக்கிலேயே இருந்தது, முகத்தில் ஒட்டிக்கொண்டு. கூடம் சுருங்கி இரண்டு வட்டமாகிவிட்டது. கையைத் தூக்கிக் கழுத்தைத் தொட்டார். ஈர ஓலை. பின்னலின் விளிம்பு. இழுத்தார். தோலோடு வந்தது.

கால்கள் தாமாகவே முற்றத்துக்கு நடந்தன.

மழையில் ஒரு வரிசை மண்டிபோட்டிருந்தது. சேற்றில் தலைகவிழ்ந்து பத்துப் பேர். அவர் அறியாத முகங்கள், பழைய துணிகள். கடைசியில் பதினோராவதாகப் பெரிங். கையில் இன்னும் பூசணி ஒட்டியிருந்தது. அவள் நிமிர்ந்து அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஐயா, உள்ள எங்க அண்ணன் இருக்காரு,” என்று கும்பிட்டாள். “வயசானவரு. அவரைக் காட்டிக்கொடுத்துடாதீங்க.”