ஏழாவது பாயிண்ட்

சர்க்கரைப் பொங்கலை மூன்றாவது வாய் வைத்தபோது பாக்கியராஜின் நாக்கில் ஏதோ சிக்கியது. முந்திரித் தோலாக இருக்கும் என்று விரலை விட்டு இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. வெல்லத்தில் ஊறி, எச்சிலில் நனைந்து, ஒரு சாண் நீளத்துக்குப் பஞ்சுத் திரி. தட்டின் ஓரத்தில் அது சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவைத்தான். சோற்றில் முடி கிடந்தால்கூட எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற ஆள்தான். ஆனால் இது, சீ!

"செல்வி, இதுல என்னத்தப் போட்டுக் கிண்டுன?"

அடுப்படியிலிருந்து மனைவி சகாயசெல்வி எட்டிப் பார்த்தாள். "முந்திரியும் திராட்சையுந்தான். ஒங்க சட்டையில இருந்து விழுந்திருக்கும். மில்லே கதின்னு கெடந்தா சோத்துல பஞ்சு வராம பவுனா வரும்?"

அவள் சொன்னதற்குச் சிரித்திருக்கலாம். ஆனால் மில்லுக்குள் கால் வைத்து ஐந்து நாளாகிறது. பொங்கலுக்கு மில் மூடியிருந்தது, அவனும் மேட்டுப்பட்டி வீட்டை விட்டு நகரவில்லை. போட்டிருந்தது துவைத்த சட்டை. வாயைக் கொப்பளித்துத் துப்பினான். பல்லிடுக்கில் இன்னும் ஒரு இழை இருப்பது போலவே இருந்தது. அந்த இழையில் ஒரு வாடை. எண்ணெய்ப் பிசுக்கும், எலிப் புழுக்கையும், நாள்பட்ட மூத்திரமும் கலந்த வாடை. அது எந்த இடத்து வாடை என்று அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி கை கழுவிக்கொண்டு எழுந்தான்.

பாக்கியராஜ் இப்போது ஃபீல்டு ஆபீசர். இருநூறு காவலாளிகளை வைத்து வேலை வாங்கும் திண்டுக்கல் செக்யூரிட்டி கம்பெனியில் ஒரு பைக்கும் தொப்பியும் அவனுக்கு உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால், தொண்ணூற்று ஏழில், வேடசந்தூர் ரோட்டில் உள்ள இந்த நூல் மில்லின் கேட்டில் அவனே காவலாளியாக உட்கார்ந்திருந்தான். அன்றைக்கும் பொங்கல் விடுமுறைதான், ஐந்து நாள்.

அப்போதெல்லாம் தோல் உறை போட்ட ஒரு கனத்த கடிகாரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மில்லைச் சுற்ற வேண்டும். எட்டு இடத்தில் சங்கிலியில் எட்டு சாவி தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். மணிக்கு ஒரு தடவை போய் ஒவ்வொரு சாவியையும் கடிகாரத்தில் நுழைத்துத் திருகினால், உள்ளே இருக்கும் வட்டக் காகிதத்தில் அந்த நம்பர் குத்தி விழும். முதலாளியும் இன்சூரன்ஸ்காரர்களும் ஆளை நம்ப மாட்டார்கள், அந்தக் காகிதத்தைத்தான் நம்புவார்கள். பாக்கியராஜ் என்ன செய்தான்? குறடால் எட்டு சங்கிலியையும் அறுத்து, சாவிகளைக் கேட் ரூம் டிராயருக்குள் போட்டுக்கொண்டான். காலைத் தூக்கி மேசைமேல் வைத்தபடி மணிக்கு ஒரு தடவை எட்டையும் திருகினான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு நிமிடம் விட்டுத் திருகுவான், நடந்து போன மாதிரி இருக்க வேண்டுமல்லவா! ராத்திரிக்காரனும் அதே டிராயரைத்தான் திறந்தான். காகிதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஏழாம் நம்பர், பஞ்சுக் கழிவு போட்டு வைக்கும் குடோனின் வாசல். சரிவான தண்டவாளத்தில் ஓடும் இரும்புக் கதவு அதற்கு. தீப்பிடித்தால் தானே உருண்டு மூடிக்கொள்ள வேண்டும் என்று வைத்தது. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. திருட வருகிறவன் பகலில் உள்ளே பதுங்கி ராத்திரி வெளியே வருகிறான் என்று செக்யூரிட்டி கம்பெனிதான் அதை அறுத்தெடுக்கச் சொன்னது. விடுமுறைக்கு முந்தின ஷிப்டில், கழிவு பிரிக்கிற பொம்மையன் அந்தக் குடோனுக்குள் அசதியில் கண்ணயர்ந்தார். கதவைத் திறந்தபடி பிடித்திருந்த கொக்கி நழுவி அது உருண்டு மூடிக்கொண்டது.

ஆறாம் நாள் காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் திறந்தபோது அவர் கதவோரம் கிடந்தார். வாய் நிறையப் பஞ்சு. பசிக்குத் தின்றாரா, தாகத்துக்குச் சவைத்தாரா, அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் நாளே அவர் மனைவி சோலையம்மாள் கேட்டுக்கு வந்து நின்றாள். "ஏப்பா, எங்க வீட்டுக்காரரு ஷிப்ட் முடிஞ்சு வரவே இல்லப்பா. உள்ளாற எங்கிட்டாச்சும் படுத்துக் கெடக்காரான்னு செத்தப் பாத்துட்டு வாயேன்."

பாக்கியராஜ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "உள்ள ஆருமில்லம்மா. மணிக்கு ஒருதடவ சுத்திப் பாத்துட்டுத்தான் வாரேன்."

பிணத்தைத் தூக்கிய அன்று அவள் கத்தவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. அவன் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மணிக்கு ஒருதடவ போனேன்னியே அப்பு, ஒரு சத்தங்கூடவா கேக்கல?"

"கேக்கலம்மா" என்றான்.

போலீசுக்கும் அதையே சொன்னான். காகிதம் அவன் பக்கம் பேசியது. அந்தச் சுத்தமான காகிதத்துக்காகத்தான் கம்பெனி அவனுக்குப் பதவி கொடுத்தது. அந்த ஒரு பொய் உடைந்தால் தொப்பி போகும், பைக் போகும், ஜெயிலும் வரும். ஒன்பது வருடமாக அதை நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருக்கிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

மதியம் மூன்று மணிக்கு மில் கேட்டில் பைக்கை நிறுத்தினான். தூரத்தில் எங்கோ ஒலிபெருக்கிப் பாட்டு கேட்டது. உள்ளே ஒரு இயந்திரமும் ஓடவில்லை. எப்போதும் காதை அடைக்கும் மில் வாய் மூடிக் கிடக்கும்போது, தகரக் கூரை வெயிலில் நெளியும் சத்தம்கூடக் கேட்டது. கேட்டில் சடையாண்டி சல்யூட் அடித்தார். ஐம்பத்தைந்து வயது, பழைய ஆள். விடுமுறை ஐந்து நாளும் ராத்திரி பகல் அவர் ஒருவர்தான் காவல்.

இப்போது கடிகாரம் இல்லை. எட்டு இடத்திலும் சுவரில் சின்ன உலோகப் பொத்தான் பதித்திருக்கிறது. கையில் பிடிக்கிற ஒரு குட்டித் தடியால் அதைத் தொட்டால் 'பீப்' என்று கத்தும், நேரம் பதிவாகும். பாக்கியராஜ் அந்தத் தடியைக் கேட் ரூம் கம்ப்யூட்டரில் செருகினான். திரையில் வரிசை விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு. அந்த ஏழு பதிவும் அரை நிமிடத்துக்குள். ஐந்து நாளும் அப்படித்தான். நடக்கவே இல்லை, படுபாவி! இரண்டு நிமிடம் இடைவெளி விடக்கூடத் தெரியாத மடையன்.

"எங்க இருக்கு பொத்தானெல்லாம்?"

சடையாண்டி தலையைச் சொறிந்தார். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். அதில் ஏழு பொத்தான்களைத் திருகி வைத்திருந்தார். "கோச்சுக்காதீங்க சார். முட்டி வலி. எல்லாம் ஒங்க காலத்துப் பாடந்தானே."

பாக்கியராஜுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. "எட்டாவது எங்க?"

"எட்டு இந்தா இருக்கு. ஏழத்தான் கழட்டல. அந்தக் குடோன் பக்கம் நான் தலவச்சுக்கூடப் படுக்கறதில்ல சார்."

பாக்கியராஜ் திரையைத் திரும்பப் பார்த்தான். ஒவ்வொரு மணிக்கும், மற்ற ஏழும் பதிந்து பத்து நிமிடம் கழித்து, தனியாக ஒரு வரி இருந்தது. ஏழாவது பாயிண்ட். ஐந்து நாளும். ஒரு மணிகூடத் தவறவில்லை.

"அப்ப இது ஆரு பதிஞ்சது?"

"அதத்தான் நானும் ஒங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்." சடையாண்டியின் குரல் இறங்கியது. "தடி இந்த மேசைய விட்டு நகரல சார். எங்க ஆத்தா மேல சத்தியமா."

பயந்தவனுக்குக் கோபம்தான் சீக்கிரம் வரும். "உடுப்பக் கழட்டிட்டு வீட்டுக்குப் போங்க. காலையில வரைக்கும் நானே பாத்துக்கிறேன்" என்று கத்தினான். சடையாண்டி மறுபேச்சில்லாமல் சைக்கிளை எடுத்தார். உண்மையில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

பஞ்சு இருக்கும் பக்கம் செல்போன் கூடாது என்பது பாக்கியராஜே போட்ட விதி. போனை டிராயரில் வைத்துப் பூட்டினான். தடியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

ஒன்றாம் பாயிண்டில் திருகாணி ஓட்டை. இரண்டில் ஓட்டை. கொதிகலன் கொட்டகை தாண்டி, காய்ந்த சாக்கடை தாண்டிப் போகப் போக அந்த வாடை ஏறிவந்து மூக்கின் அடியில் ஒட்டிக்கொண்டது. காலையில் பல்லிடுக்கில் இருந்த அதே வாடை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான். கைக்குட்டையும் அதே வாடைதான் அடித்தது.

ஏழாவது பொத்தான் சுவரிலேயே இருந்தது. அதைச் சுற்றி ஈரப் பஞ்சு, வாயில் போட்டுச் சவைத்துத் துப்பிய பஞ்சு, சளி மாதிரி வழிந்து கிடந்தது. அதில் பல் பதிந்த தடம்கூடத் தெரிந்தது. பாக்கியராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தான். சர்க்கரைப் பொங்கல் வந்தது. அதோடு வெள்ளையாக இன்னொன்றும் வந்தது. அவன் குனிந்து பார்க்கவில்லை.

அப்போது உள்ளே இருந்து கேட்டது.

சர்ர்ர். சர்ர்ர். இரும்பில் நகம்.

அந்தச் சத்தம் அவனுக்குப் புதிதல்ல. உலகத்தில் ஒருவனுக்கும் அவன் சொல்லாதது இதுதான். தொண்ணூற்று ஏழில், ஐந்தாம் நாள் சாயங்காலம், மறுநாள் ஷிப்டுக்கு முன்னால் சாவிகளைத் திரும்பத் தொங்கவிட அவன் இங்கே வந்தான். ஏழாம் சாவியைச் சங்கிலியில் கோர்க்கும்போது உள்ளே நகம் சுரண்டியது. "தம்பீ..." என்று ஒரு குரல், காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி. கதவைத் தள்ளித் திறந்தால் போதும். ஆனால் திறந்தால் கேட்பார்களே, ஐந்து நாளாக மணிக்கு ஒரு தடவை வந்தாயே, இப்போதுதான் கேட்டதா என்று! சாவியைக் கோர்த்துவிட்டு எட்டாவது பாயிண்டுக்குப் போய்விட்டான். காலையில் யாராவது திறப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தூ! அவனை நினைத்து அவனுக்கே அருவருத்தது.

சர்ர்ர்.

இன்னொருவனா? இந்த விடுமுறையிலும் ஒருவனா? இன்னொரு பிணம் விழுந்தால் பழைய கேசையும் சேர்த்துத் தோண்டுவார்களே! அந்த நேரத்திலும் அவனுக்கு முதலில் தோன்றியது தன் தொப்பிதான். பிறகுதான் உள்ளே இருப்பவன் உயிரோடு இருக்கிறானே என்று உறைத்தது. இந்தத் தடவை திறந்துவிடலாம். தீயணைக்கச் சுவரோரம் வைத்திருந்த வாளிகளின் பக்கத்தில் தடியை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கதவைத் தள்ளிக் கொக்கியில் மாட்டினான்.

"ஆரு உள்ள? வெளிய வாங்க. பயப்படாதீங்க."

பழுப்புப் பஞ்சு மலையாகக் குவிந்திருந்தது. கோடியில், குவியலின் அடியில், ஒருவர் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தார். பாக்கியராஜ் பஞ்சுக்குள் கால் புதையப் புதைய நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் காலடியில் ஏதோ சொதசொதவென்று நசுங்கியது. தோளைத் தொட்டான். கை உள்ளே போனது.

ஆள் இல்லை. ஈரப் பஞ்சு. வெதுவெதுப்பாக, எச்சிலில் பிசைந்து, ஆள் மாதிரி பிடித்து வைத்த பஞ்சு.

பின்னால் கொக்கி விழுந்தது.

தண்டவாளத்தில் இரும்பு உருண்டது. அவன் ஓடினான். விழுந்தான். எழுந்தான். வெளிச்சம் ஒரு முழம். ஒரு விரற்கடை. ஒரு கோடு.

இருட்டு.

தட்டினான். கத்தினான். கைப்பிடி இருந்த இடத்தைத் தடவினான். அறுத்தெடுத்த முண்டு மட்டும் கையில் பட்டது. அதற்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில், இரும்பில் பள்ளம் பள்ளமாகக் கீறல்கள். விரல்கள் அதில் பொருந்தின. காலையில் ஆள் வரும். ஆறு மணிக்கு ஷிப்டு உண்டு. ராத்திரி ஒன்றுதானே. ஒரே ஒரு ராத்திரி.

எவ்வளவு நேரம் போனதோ. நாக்கு உலர்ந்துவிட்டது.

அப்போது வெளியே காலடிச் சத்தம். மெதுவாக வந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து வந்தது.

"ஏலே! ஆரது? சடையாண்டியண்ணே! கதவத் தொறங்க!"

காலடி கதவருகே நின்றது. தீ வாளி லேசாகக் கிணுங்கியது. அவன் வைத்த தடியை யாரோ எடுத்தார்கள்.

பீப்.

"அய்யா! உள்ள இருக்கேன்யா! நான் பாக்கியராஜ்!"

வெளியே ஒரு குரல் பேசியது. அவனிடம் இல்லை. வேறு யாரிடமோ, பொறுமையாக, வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு பேசியது.

"உள்ள ஆருமில்லம்மா. மணிக்கு ஒருதடவ சுத்திப் பாத்துட்டுத்தான் வாரேன்."

காலடி எட்டாவது பாயிண்டைப் பார்த்து நகர்ந்தது.

பாக்கியராஜ் கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. நாக்கின் மேல் ஏதோ கிடந்தது. விரலை விட்டு இழுத்தான். ஈரமாக, வெதுவெதுப்பாக வந்தது. இரண்டு கையாலும் இழுத்தான். ஒரு சாண். ஒரு முழம். வந்துகொண்டே இருந்தது. வர வர, தொண்டைக்குள் இன்னும் நிறைந்தது.

தூரத்தில், எட்டாவது பாயிண்டில், பீப் என்று கேட்டது.