ஏழாம் ஜோடி

கோடை முகாமில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அதைப்போல ஒரு வேலை உண்டா என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சரியாக ஐந்து நாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. ஏரிக்கரையில் ஓட்டுக் கூரை போட்ட நீளமான பழைய கட்டடம். கொடியில் வரிசையாகத் துண்டுகள். உள்ளே சோப்பும் ஈரச் செருப்பும் கலந்த ஒரு வாடை. தவளை ஓடி வந்து என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

முகாமில் பணியாளர்களைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளைகள் வைப்பதுதான் பெயர். எந்நேரமும் தண்ணீரில் கிடப்பதால் அவள் தவளை. என் கீச்சுக் குரலைக் கேட்டு என்னை முதல் நாளே குருவி ஆக்கிவிட்டார்கள். நாங்கள் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்டவள் அவள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றால் எனக்கு இருந்த ஒரே ஆள்.

இருபது பெண் பிள்ளைகள், எல்லாருக்கும் பத்து, பதினோரு வயது. காலையில் எழுப்புவதற்குள் தொண்டை வற்றிவிடும். மதியம் கடிதம் எழுதும் நேரம். "அம்மா, இங்கே ரொம்ப ஜாலியாக இருக்கிறது, உடனே வந்து கூட்டிக்கொண்டு போ" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் என் தோளில் சாய்ந்துகொள்வார்கள். அந்தப் பாரம் எனக்குப் பிடித்திருந்தது.

ஏரியில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி உண்டு. ஜோடிக்கு ஓர் எண். பத்து நிமிடத்துக்கு ஒரு விசில். விசில் கேட்டதும் இருவரும் கோத்த கையைத் தூக்கி, வரிசையாகத் தங்கள் எண்ணைக் கத்த வேண்டும். அந்த நேரத்தில் நான் கரையோர மேடையில் நின்று எண்ணுவேன். தவளை எல்லைக் கயிற்றோரம் இடுப்பளவு தண்ணீரில் நிற்பாள், இடது கையை உள்ளே விட்டபடி.

பத்து ஜோடிதான். ஆனால் பலகையில் தொங்கிய அட்டைகள் பதினொன்று வரை போயின. ஏழைக் காணோம்.

"ஏழு எங்கடி?" என்றேன்.

"எப்பவோ தொலைஞ்சுபோச்சு. ஆறு சொன்னதும் கொஞ்சம் நிறுத்திட்டு, அப்புறம் எட்டைச் சொல்ல விடு. அவசரப்படுத்தாத."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் காலை, விசிலை என் கழுத்திலிருந்து அவளே கழற்றினாள். "இன்னிக்கு நீ இறங்கு. இடது கையைத் தண்ணிக்குள்ளயே வெச்சுக்கோ. யாராவது பிடிச்சா உதறாத. பசங்க விளையாடுவாங்க."

இறங்கினேன். தவளை விசில் ஊதினாள். கைகள் உயர்ந்தன. ஒன்று, இரண்டு, மூன்று...

"ஆறு!"

அமைதி.

என் கைக்குள் ஒரு கை வந்தது.

சின்னக் கை. நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. அடிச்சேற்றின் வாடை குப்பென்று மேலே வந்தது. என் முழங்கைக்குப் பக்கத்தில், மிக மெல்லிய குரல்.

"ஏழு."

குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீர். வெயில் அடிவரை இறங்கியிருந்தது. என் பாதங்கள் தெரிந்தன.

வேறு யாரும் இல்லை.

இருபது பிள்ளைகளும் எட்ட நின்று கையைத் தூக்கியபடி இருந்தார்கள். "எட்டு!" என்று யாரோ கத்தியதும் அந்தக் கை என்னை விட்டது.

பிள்ளைகள் உடை மாற்றும்வரை காத்திருந்து, தவளையைக் கரையில் பிடித்து உலுக்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பத்து வயசுல நானும் இங்கதான் வந்தேன். நானும் உன் கையைப் பிடிச்சாளே அவளும் ஏழாம் ஜோடி. கயித்தைத் தாண்டிப் போயிட்டு வந்துடறேன், எனக்கும் சேர்த்து நீயே சொல்லிடுன்னா. விசில் ஊதினாங்க. ரெண்டு கையையும் நானே தூக்கினேன். ரெண்டு குரல்ல நானே கத்தினேன்."

"அடுத்த விசிலுக்கு?"

"அடுத்த விசிலுக்கும்," என்றாள். "அவ மாட்டிக்கக் கூடாதேன்னு. மூணாவது தடவைதான் அழுதேன்."

ஏரியைப் பார்த்தபடியே அவள் தொடர்ந்தாள்.

"பெரியவளானதும் இங்கயே வேலைக்கு வந்தேன். ஒவ்வொரு வருஷமும் அவ கையைப் பிடிக்கறேன். ஒரு வருஷம் பயந்துபோய் கரையிலயே நின்னுட்டேன். நாலாம் ஜோடியில ஒரு பொண்ணை இழுத்துட்டா. நல்லவேளை, காலைப் பிடிச்சுத் தூக்கிட்டாங்க. ஜோடி இல்லாம அவளால இருக்க முடியாது குருவி. யாராவது ஒருத்தர் பிடிக்கணும்."

"அதுக்கு என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ வந்திருப்பியா?"

அவளை உதறிவிட்டு நாலடி நடந்தேன். ஆனாலும் அவள் அழுதபோது கட்டிக்கொண்டேன். அவ்வளவு வருடப் பழக்கம். ஒரு நாள் அவள், ஒரு நாள் நான் என்று மாறி மாறி இறங்கலாம் என்றாள். சரி என்றேன். நான்கு நாள் அப்படியே ஓடியது.

முகாமின் கடைசி நாளுக்கு முந்தின நாள் மதியம், வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வந்துவிடுவதாகச் சொன்னாள். "நாளைக்கு என் முறை. சத்தியமா வந்துடுவேன்டி." என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

காலை பத்து மணிவரை பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பிறகு முகாம் பொறுப்பாளரிடம் ஓடினேன். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நல்ல மனிதர். ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அவங்க நேத்தோட விலகியாச்சேம்மா. மூணு மாசம் முன்னாடியே கடிதம் கொடுத்துட்டாங்க. ஏரியை இனிமே நீங்க பார்த்துப்பீங்கன்னு எழுதியிருந்தாங்களே. உங்களைச் சேர்த்துக்கச் சொன்னதும் அதே கடிதத்துலதான்."

அதே கடிதம். எனக்கு வேலை கிடைத்ததும் விடுதிப் படியில் என்னைத் தூக்கிச் சுற்றினாளே, அதற்கு முன்பே எழுதிக் கொடுத்த கடிதம். அன்று எனக்கு ஏற்பட்டது பயமே இல்லை. கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே என்ற ஆத்திரம்தான்.

"இன்னிக்கு ஏரி வேண்டாம் சார்," என்றேன்.

"பெத்தவங்க எல்லாரும் கரையில உட்கார்ந்திருக்காங்க. பசங்க இறங்கியாச்சும்மா."

எட்டிப் பார்த்தேன். என் தோளில் சாய்ந்த தலைகள் அத்தனையும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. விசிலை அவர் கையில் திணித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி இறங்கினேன்.

விசில்.

"ஆறு!"

கை வந்தது. ஆனால் எண்ணைச் சொல்லவில்லை.

"அவ வரலையா?"

அந்த ஒரு நொடியில் எங்கள் இருவருக்கும் ஒரே துக்கம்.

"வர மாட்டா," என்றேன்.

"நீயும் போயிடுவியா?"

இருபது பிள்ளைகள். நான் வேறென்ன சொல்ல முடியும்?

"போக மாட்டேன்."

"ஏழு," என்றாள் நிம்மதியாக.

"எட்டு!" என்று கத்தினார்கள்.

கை விடவில்லை.

கரையேறினேன். விடவில்லை. பிள்ளைகளை வழியனுப்பினேன், பஸ் ஏறினேன், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் களைப்பு என்று சொல்லிப் படுத்தேன். விடவே இல்லை. இடது பக்கப் படுக்கை காலையில் நனைந்திருந்தது.

தவளைக்கு எத்தனையோ முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு மதியம், அவளே கூப்பிட்டாள்.

"குருவி... அவளை விட்டுட்டியா?"

"உன்னை மாதிரியா? இப்பவும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா."

"அது அவளோட எந்தக் கை? தடவிப் பாரு."

கட்டை விரலால் தடவினேன். சுருங்கிய நான்கு விரல்கள், ஒரு குட்டிக் கட்டை விரல்.

"வலது கை."

தவளை தேம்ப ஆரம்பித்தாள். "இடது கை என்கிட்ட இருக்குடி. நேத்து ராத்திரியிலிருந்து."

எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. உன்னோடு இனி எனக்குப் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

அந்தச் சின்னக் கை என் விரல்களை நொறுக்குவதுபோல் இறுக்கியது. அதே நொடியில் போனுக்குள் தவளை வலி தாங்காமல் அலறினாள்.