ஓய்வு நாளில் நடந்தது யார்?

கண்ணைத் திறப்பதற்கு முன்பே உலகம்மைக்குக் கோபம் வந்துவிட்டது.

நேற்று முழுவதும் செம்பாறை விடுதியில் படுத்தே கிடந்தாள். சாப்பிட எழுந்தாள், வெந்நீரில் குளித்தாள், மறுபடியும் படுத்தாள். முகடுவழி என்னும் மலைப்பாதையில் நடப்பவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே ஓய்வு நாள் அது. இன்று துள்ளிக் குதித்து எழுந்திருக்க வேண்டும். ஆனால் கெண்டைக்கால் கட்டையாக இறுகிக் கிடந்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. நாள் முழுக்க வெயிலில் நடந்த உடம்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் அவள் கணவர் ஆவுடையப்பன் உட்கார்ந்து தன் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து நான் தூங்கும்போது எங்க போனீங்க?" என்றாள்.

"நான் எங்க போனேன்? இங்கதான் கேரம் ஆடிக்கிட்டிருந்தேன்."

"கேரம் ஆடினா முழங்கால் வலிக்குமா?"

ஆவுடையப்பன் காலணியைத் தேடினார். அது அவர் காலடியிலேயே இருந்தது.

இருவர் மணிக்கட்டிலும் சமன்பட்டை பச்சையாக மினுங்கியது. இரண்டு விரல் அகலம்தான். ஆனால் ஓர் உடம்பின் களைப்பை அளந்து, அதோடு ஒரே கண்ணியில் சேர்ந்த எல்லா உடம்புகளுக்கும் ஒரே அளவாக நிரவிவிடும். ஒருவர் ஓடினால் இருவருக்கும் மூச்சு வாங்கும். ஒருவர் தூங்கினால் இருவருக்கும் தெம்பு வரும். மலையில் பலவீனமானவர்களை விட்டுவிட்டுப் பலசாலிகள் முன்னால் போய்விடுகிறார்கள் என்பதால், முகடுவழியில் இருவர் இருவராகப் பட்டை கட்டித்தான் நடக்க வேண்டும் என்று விதியும் வந்துவிட்டது.

உலகம்மை வீட்டுக்குப் பட்டை வந்தது அதற்கும் முன்னால். வாங்கியவளே அவள்தான். அடுப்படியில் நிற்பது என்றால் என்ன என்று இந்த மனிதருக்குக் காலில் தெரியட்டும் என்று நினைத்தாள். தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "உலகு, இன்னைக்கு என்ன இவ்வளவு வேலை பாக்க? எனக்குக் கால் கடுக்கு," என்று கேட்கக் கற்றுக்கொண்டார். அசதி பாதியானது. வேலை ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை. ஊரெல்லாம் இதே கதைதான், ஆனாலும் எல்லோரும் இதைச் சமத்துவம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்றைய ஏற்றம்தான் வழியிலேயே கடினமானது. பொழுது சாயுமுன் மேலே மொட்டைச் சாவடியின் கதவைத் தாண்ட வேண்டும். யானைகள் இறங்கும் கணவாய் என்பதால் மாலையில் கதவை அடைத்துவிடுவார்கள். பிந்தியவர்களுக்கு மறுநாள் கிடையாது. தொங்குவண்டியில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அனுமதி ஓர் ஆளுக்கு வாழ்நாளில் ஒரே தடவை, அதுவும் குலுக்கலில். மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் பெயர் கொடுத்தவள் உலகம்மை. அவனுக்குக் கல்யாணமான பிறகுதான் சீட்டு விழுந்தது. தனக்கென்று அவள் கேட்டு வாங்கிய ஒரே பொருள் இந்த நடைதான்.

ஏறத் தொடங்கினார்கள். புல்வெளியில் பனி காயவில்லை. எதிர்மலையில் மேகம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அழகுதான். உலகம்மைக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிறவளுக்கு என்ன அழகு? பின்னால் கிளம்பிய இரண்டு கல்லூரிப் பெண்கள், "முடியுதா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார்கள். அந்தக் கேள்வியில் அவள் காது சுட்டது.

"உண்மையைச் சொல்லுங்க. விடுதி பக்கத்து அருவிக்குத்தானே போனீங்க?"

"ஒம் மேல சத்தியமா ஒரு எட்டு வைக்கல உலகு."

அவர் பொய் சொன்னால் மூக்கைத் தடவுவார். இப்போது தடவவில்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. அவர் நடக்கவில்லை, தானும் நடக்கவில்லை. பின்னே இந்தக் களைப்பு யாருடையது?

உச்சிப்பொழுதில் ஒரு வழுக்குப் பாறை ஓரம் நின்றபோது அவர் சட்டைப்பையில் இருந்த, ஊரோடு பேசும் வில்லை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவர் சட்டென்று உள்ளே போட்டார். மறுபடி அதிர்ந்தது. உலகம்மை கையை நீட்டினாள். அவர் கொடுத்தார், கொடுக்கும்போதே முகம் வெளுத்துவிட்டது.

"ஏல ஆவுடை!" வில்லையிலிருந்து வந்தது அவருடைய அக்கா கோமுவின் குரல். பாளையங்கோட்டையில் இருப்பவள். "என்னல செய்யுதிய அங்க? சமதரையில நடக்கேன், மலை ஏறுத மாதிரி மூச்சு முட்டுது! குரும்பூர் தாண்ட முடியல. ஒம் பொண்டாட்டிய கொஞ்சம் மெதுவா ஏறச் சொல்லு!"

உலகம்மைக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து வருவதாகக் கோமு நேர்ந்திருந்தாள். நேற்றுக் காலை பச்சைச் சேலை கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் கிளம்பியிருக்கிறாள். கிளம்புமுன் தம்பியைக் கூப்பிட்டு, "நீங்க இன்னைக்குச் சும்மாதானே கெடப்பிய? என்னையும் ஒங்க கண்ணியில சேத்துக்கோ," என்றிருக்கிறாள். அக்கா கேட்டு இல்லை என்று சொன்ன வழக்கம் ஆவுடையப்பனுக்குக் கிடையாது. இரத்த உறவைச் சேர்க்கக் கண்ணியில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்பது சட்டம். இன்னொருவரையும் கேட்க வேண்டும் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

"மதினி, உலகம்மை பேசுதேன்," என்றாள். குரல் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. "நேத்து முழுக்க எங் காலை வச்சுத்தான் நடந்தீங்களோ?"

கோமு வெடித்தாள்.

"ஒனக்காவத்தான்ட்டி நடக்கேன்! நீ நல்லபடியா மலை முடிச்சு எறங்கணும்னு நேந்துகிட்டது யாரு? ஒங்க ஆத்தாளா? நான்தான்! வெறுங்காலோட வெயில்ல கெடந்து சாவுதேன், நீ என்னையவே கேக்கியா?"

"நான் நேரச் சொன்னேனா? எனக்காக நேந்துட்டு என் காலையே எடுத்துக்கிட்டா அது என்ன நேர்ச்சை? ஒரே ஒரு ஓய்வு நாளு மதினி! அதையும் தின்னுட்டீங்களே!"

"தின்னேனா? நான் தின்னேனா? காலைல இருந்து ஒன் மலையை இங்க ரோட்டுல சொமக்கேன். இன்னைக்குப் பொழுது சாயுமுன்ன கடல்ல முங்கணும், முங்கலைன்னா எல்லாம் வீணு. சரி, போ. நான் இங்கயே உக்காந்துட்டேன். நேர்ச்சையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீயே ஏறு மகராசி!"

குரல் நின்றுவிட்டது.

கண்ணியை இப்போது அறுக்கவும் முடியாது. நடுவழியில் அறுத்தால் மொத்தக் களைப்பும் யாரோ ஒருவர் தலையில் விழுந்து நெஞ்சடைக்கும் என்பதால், அறுக்கச் சொன்ன பின் எல்லோரும் ஓரிரவு தூங்கி எழுந்தால்தான் அவிழும்படி பட்டையைச் செய்திருந்தார்கள்.

சிறிது நேரத்தில் உலகம்மையின் காலில் பாரம் இறங்கத் தொடங்கியது. இடுப்பு நிமிர்ந்தது. மூச்சு ஒழுங்கானது.

"அக்கா நெசமாவே உக்காந்துட்டா," என்றார் ஆவுடையப்பன், முகம் மலர. "இப்பக் கிளம்பினா கதவைப் பிடிச்சிரலாம். வா உலகு."

அவள் முதுகுப்பையைக் கழற்றிப் பாறைமேல் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன செய்த?"

"அவங்க பிச்சை போட்டு நான் ஏற வேண்டாம். நாளைக்கு ஊர் பூராச் சொல்லுவாங்க, நான் உக்காந்தேன், அவ ஏறினான்னு. சாகிற வரைக்கும் சொல்லுவாங்க. நான் எந்திரிக்க மாட்டேன். அவங்களை எந்திரிச்சுப் போயிக் கடல்ல முங்கச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் வில்லையில் கெஞ்சினார். "எக்கா, இவளும் உக்காந்துட்டா. நீயாவது நட."

"அவ ஏறாம நான் எந்திரிச்சா, அவ மலையை நான் கெடுத்தேன்னு ஆயிரும்லா? மொதல்ல அவளை எந்திரிக்கச் சொல்லு!"

"அவங்க எந்திரிக்கட்டும்," என்றாள் உலகம்மை, பேச்சு அவள் காதிலும் விழுந்ததால்.

இப்படியே போயிற்று. குரும்பூர் பக்கத்தில் ஒரு வாழைத்தோட்டத்து வரப்பில் கோமு. மலையில் பாறைமேல் உலகம்மை. ஒருத்திக்காக மற்றவள், ஒருத்தியைத் திட்டிக்கொண்டு மற்றவள். நடுவில் ஆவுடையப்பன் இங்கும் அங்கும் சமாதானம் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். வெயில் சாய்ந்தது. உடம்பு மூன்றும் ஊறி ஊறித் தெளிந்தன. வாலிபத்தில்கூட உலகம்மைக்கு இவ்வளவு தெம்பு இருந்ததில்லை. ஓடியே போயிருப்பாள், ஓட மனமிருந்தால்.

மேலே சாவடி விளக்கு பச்சையிலிருந்து சிவப்பானது. கதவு உருளும் சத்தம் பாறைவரை கேட்டது.

மணிக்கட்டில் பட்டை இதமாகத் துடித்து, இனிய பெண் குரலில் சொன்னது: "வாழ்த்துகள். களைப்பு ஏதுமில்லை. மூவரும் நடக்கத் தயார்."

உலகம்மை அழுதாள். சத்தமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஆவுடையப்பன் தோளைத் தொட வந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

"தொங்குவண்டி வரும் உலகு. அதுல எறங்கிரலாம்."

"நீங்க அதுல வாங்க."

பையை மாட்டிக்கொண்டு வந்த வழியே இறங்கத் தொடங்கினாள். வேண்டுமென்றே கல்லில் மிதித்தாள். மேட்டைக் கண்டால் ஏறி இறங்கினாள். ஒவ்வோர் அடியும் அந்த வாழைத்தோட்டத்தில் போய் விழட்டும் என்று ஓங்கி ஓங்கி வைத்தாள். அந்த நினைப்பில் மனசுக்கு ஒரு நிம்மதி கிடைத்தது.

முதல் வளைவு திரும்புமுன்னே அவள் தொடை கடுத்தது. அவள் மிதித்த மிதிக்கு இவ்வளவு கடுக்காது. அப்படியென்றால் அங்கே கோமுவும் எழுந்துவிட்டாள். அவளும் இதே நினைப்போடு ரோட்டை மிதி மிதி என்று மிதித்துக்கொண்டு போகிறாள்.

உலகம்மை நடையை எட்டிப் போட்டாள்.

மேலே பாறையில் ஆவுடையப்பன், ஓர் அடியும் எடுத்து வைக்காமலே, இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்று உட்கார்ந்தார்.